ஈயம் வைத்த கைப்பேசி

பெரியநாயகம் கையை நெஞ்சுக்கு நேராக நீட்டி, ஒரு மூச்சு விட்டு, விரல்களை விரிக்கிறார். கைப்பேசி சிமெண்டுத் தரையில் விழுந்து, ஒருமுறை எகிறி, பக்கத்து மீன்கடை வாளியோரம் போய்க் கிடக்கிறது. காய்கறிப் பைகளோடு கடந்து போனவர்கள் நின்றுவிடுகிறார்கள். அவர் அவசரப்படுவதில்லை. போய்க் குனிந்து எடுத்து, கால்சட்டையில் துடைத்து, நான்கு மூலைகளையும் கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டுகிறார். "பாத்துக்கங்க லா," என்கிறார். அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.

ஐம்பதைத் தாண்டியவர். ஈப்போவிலும் சுற்று வட்டாரத்திலும் காலைச் சந்தை கூடும் இடமெல்லாம் ஒரு பழைய வேனின் பின்கதவைத் தூக்கி, அதன் நிழலில் பலகை போட்டுக் கைப்பேசிக்கான கெட்டிக் கூடுகளை விற்கிறார். கேசிங் என்றால்தான் இங்கே எல்லாருக்கும் புரியும். வளையும் மெல்லிய ரகத்தை அவர் வாங்கி வைப்பதில்லை. "அது சட்டை லா. இது ஹெல்மெட்," என்பார்.

விற்றதை அப்படியே கையில் கொடுத்துவிடவும் மாட்டார். போனை வாங்கி, கண்ணாடியில் ஊதித் துடைத்து, தானே மாட்டுவார். கட்டைவிரலால் அழுத்தும்போது ஒவ்வொரு மூலையும் 'டக்'கென்று உட்காரும். கடைசி மூலை உட்காரும்வரை யார் என்ன கேட்டாலும் பதில் வராது. அவருடைய சொந்தக் கைப்பேசிக்கு மட்டும் கேசிங் கிடையாது. கைக்குட்டையில் சுற்றிக் கால்சட்டைப் பையில் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், "டாக்டர் தனக்கே ஊசி குத்திக்குவாரா?" என்று திருப்பிக் கேட்பார்.

கேசிங்கின் மூலைகளில் கறுப்பாக, மெத்தென்று ஒரு பட்டை இருக்கும். வயதான பெண்கள் வந்தால் அவர்கள் கையைப் பிடிக்காத குறையாக அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். "ஒங்க அப்பா அம்மா வெட்டுன பால்தான்க்கா இது. நம்மள கைவிட்டுருமா?" ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதைக் கேட்டதும் முகம் இளகிவிடும். அந்தப் பட்டை எங்கோ ஒரு தொழிற்சாலையில் வார்த்த பிளாஸ்டிக் என்பதும், அதற்கும் ரப்பர் மரத்துக்கும் எந்த உறவும் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். கோலா கங்சார் சாலையில் இருந்த ஒரு தோட்டத்தில் அவருடைய அம்மா பால் வெட்டியவர். மகன் அதைச் சொல்லி விற்பான் என்று அந்த அம்மா நினைத்திருக்க மாட்டார்.

பெரிய வியாபாரி என்று அவரைச் சொல்ல முடியாது. எந்த மாடல் போகும், எது தேங்கும் என்று கணிக்கத் தெரியாமல் பழைய சரக்கை மூட்டையாகச் சுமந்து திரிகிறார். ஒன்றே ஒன்று நன்றாக வரும்: கீழே போடுவது.

தொடக்கத்தில் தன் சொந்தக் கைப்பேசியைத்தான் போட்டுக் காட்டினார். கேசிங் அதை ஓரளவு காப்பாற்றவும் செய்தது. கண்ணாடி கடைசிவரை உடையவில்லை. ஆனால் ஒருநாள் மனைவி ரோசரி அழைத்தபோது அவர் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. கத்தினார், அப்போதும் கேட்கவில்லை. உள்ளே ஏதோ செத்துப் போயிருந்தது. சரக்கு கொடுக்கும் சீன முதலாளியான தவுக்கே சிரித்தார். "டம்மி பாக்காய் லா," டம்மியைப் பயன்படுத்து என்று மலாயில் சொல்லி, கடைகளில் பார்வைக்கு வைக்கும் வெற்றுக் கைப்பேசி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் அதைத்தான் போடுகிறார்களாம். வெளியே கைப்பேசிக்கு உரிய எல்லாம் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாதது விழுந்தால் சத்தமும் அப்படித்தான் இருந்தது. சோப்பு டப்பா விழுந்த மாதிரி. சந்தையில் ஒரு சின்னப் பெண் சிரித்துவிட்டாள். அடுத்த முறை லூமுட் பக்கம் போனபோது தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஈயக் குண்டுகள் வாங்கினார். டம்மியின் முதுகைத் திறந்து, குண்டுகளைப் பசை வைத்து ஒட்டி மூடினார். கையில் வாங்கினால் கனம் சரியாக இருந்தது. அதுவரை அது வெறும் மாதிரிப் பொருள். ஈயம் வைத்த பிறகுதான் பொய் ஆனது. இந்த வேறுபாடு அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் அந்த வேலையை வீட்டில் செய்யாமல் வேனுக்குள் உட்கார்ந்து செய்தார்.

ரோசரி கண்டுபிடிக்காமல் இருக்கவில்லை. "இத பாவசங்கீர்த்தனத்துல சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"என்ன சொல்றது? நான் எப்பவாச்சும் இது நெஜ போன்னு சொல்லியிருக்கனா? பாத்துக்கங்கன்னுதான் சொல்றேன்."

உண்மைதான். அவர் சொன்னதில்லை. வாய் சொல்லாததைக் கை சொன்னால், அதைச் சொன்னது யார்? ஞாயிறு சந்தைக்காகச் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விடும் பெரியநாயகம், குருவானவரிடம் கோபத்தைச் சொல்வார், சோம்பலைச் சொல்வார். இதை வியாபாரக் கணக்கில் விட்டுவிடுவார்.

கேசிங்கும் மோசமான பொருள் அல்ல. மடியிலிருந்து நழுவினால், மேசையிலிருந்து விழுந்தால் பெரும்பாலும் காப்பாற்றும். வேண்டுமென்றே நெஞ்சுயரத்திலிருந்து போட்டால் என்ன ஆகும் என்று அவர் சொன்னதில்லை. யாரும் அப்படிச் செய்வார்கள் என்று நினைத்ததும் இல்லை.

பத்து காஜா ஊர்ச் சந்தைக்குப் போவதை அவர் இப்போது விட்டுவிட்டார். கேட்டால் அங்கே வியாபாரம் இல்லை என்கிறார். வியாபாரம் இருந்தது. அங்கே கடைசியாகக் கடை போட்ட அன்று காளியம்மா வந்திருந்தார்.

காளியம்மா ஒரு குத்தகைக்காரரிடம் துப்புரவு வேலை பார்ப்பவர். சில வாரங்களுக்கு முன் பெரியநாயகத்திடம் கறுப்புக் கேசிங் ஒன்று வாங்கியிருந்தார். அன்று கூடவே தன்னைப் போலவே நீலச் சீருடைச் சட்டை போட்ட இரண்டு பெண்களையும் அழைத்து வந்தார்.

"அண்ணே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா. கேசிங் எப்படி?"

காளியம்மா பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்துப் பலகையில் வைத்தார். கேசிங்கில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குள் இருந்த கண்ணாடி சிலந்திவலையாக வெடித்திருந்தது.

"விழுந்துருச்சாக்கா?"

"விழலண்ணே. நான்தான் போட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒங்க மேல தப்பில்ல. எனக்குப் போடத் தெரியல."

நடந்ததை அவரே சொன்னார். ஓய்வு நேரத்தில் கூட வேலை செய்யும் பெண்கள், போனைவிடக் கேசிங் பெரிதாக இருக்கிறதே என்று கேலி செய்திருக்கிறார்கள். அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று போட்டுக் காட்டிவிட்டார். "நீங்க போடற மாரியேதான், நெஞ்சுக்கு நேரா புடிச்சு வெரல விரிச்சேன். எல்லா வெரலையும் ஒண்ணா விரிக்கலயோ என்னமோ."

"தேங்கா ஒடச்ச மாரி இருந்துச்சுண்ணே," என்றாள் கூட வந்தவர்களில் இளையவளான தினேஸ்வரி. "நாங்க பொறுக்கித் திங்காததுதான் பாக்கி."

காளியம்மாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் சிரிக்கும்படியான விஷயம் இல்லை. வேலைக்கு வந்ததையும் போனதையும் தன் கைப்பேசியில் முகத்தைக் காட்டித்தான் பதிய வேண்டும். கைப்பேசி இல்லாதவருக்கு வேலை இல்லை என்று மேற்பார்வையாளர் எல்லார் முன்னும் சொல்லிவிட்டார். நல்லவேளை, லூமுட்டில் இருக்கும் மகன் ஷர்வின் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான். இனி ஒன்று வாங்கித் தர அவனாலும் முடியாது. அதைப் பெட்டியோடு கொண்டு வந்திருந்தார்.

"இதுக்கு ஒரு கேசிங் போடுங்கண்ணே. அப்புறம் எப்படிக் கீழ போடணும்னு சரியா சொல்லிக்குடுங்க. இவளுங்க முன்னாடி ஒரு வாட்டி போட்டுட்டா எனக்கு மனசு ஆறும்."

பெரியநாயகம் புதிய கைப்பேசியை வாங்கித் துடைத்தார். கண்ணாடியில் அவர் முகமே தெரிந்தது. மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். உண்மையைச் சொல்லிவிட அவ்வளவு நேரம் கிடைத்தது.

"போட வேணாம்க்கா," என்றார்.

"ஏண்ணே? நீங்க போடறீங்கள்ல."

"அன்னிக்கு மூலை குத்தி விழுந்துருக்கும் லா. அதான் ஒடஞ்சிருச்சு."

கை சொல்லிவந்ததை வாயும் சொல்லிவிட்டது. அவருக்கே அது யாரோ பேசியது போல் கேட்டது. காளியம்மா தலையை ஆட்டினார், பாடம் புரிந்தவர் போல.

"அப்ப மூலை குத்தாம எப்படிப் போடறதுன்னு காட்டுங்க," என்றாள் தினேஸ்வரி. "அக்கா ஒங்கள பத்திப் பேசாத நாளில்ல. அண்ணன் கை அப்படி, அண்ணன் கை இப்படின்னு."

காளியம்மா புதிய கைப்பேசியைக் கையில் எடுத்து நெஞ்சுக்கு நேராக நீட்டினார். பெரியநாயகம் பலகைக்கு மேல் எட்டி அதைக் கீழிருந்து ஏந்திக்கொண்டார்.

"புதுசுக்கா. வேணாம்."

"அதுவும் சரிதான். அப்ப ஒங்க போன்லயே பழகிக்கிறேன்."

அவர் தடுப்பதற்குள் காளியம்மா பலகையில் கிடந்த டம்மியை எடுத்துவிட்டார். எடுத்தவர், யாரும் செய்வது போல, கட்டைவிரலால் பக்கத்துப் பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் வரவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் நேரம் பிடித்து அழுத்தினார். பிறகு லேசாகச் சாய்த்தார். இத்தனை மாத விழுதல்களில் பசை விட்டுப்போன ஈயக் குண்டு ஒன்று உள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உருண்டது. காதருகே கொண்டுபோய் மறுபடி சாய்த்தார். அது திரும்பி உருண்டது.

காளியம்மா அவரைப் பார்த்தார். பெரியநாயகம் பலகையில் அடுக்கியிருந்த கேசிங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காதுகள் எரிந்தன. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். நாலு பேர் கேட்கத் திட்டினால் இன்னும் நல்லது என்று தோன்றியது.

"என்னக்கா, போடேன்," என்றாள் தினேஸ்வரி.

"வேணாண்டி." காளியம்மாவின் குரல் மாறவில்லை. "அண்ணன் பொழப்பு நடக்கற போன். நான் போட்டு ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?"

"அப்ப கேசிங் நல்லதில்லயா?"

"கேசிங் நல்லதுதான், வாங்கு. போட்டுப் பாக்காம இருந்தாப் போதும். என் புதுசையும் நான் போடப் போறதில்ல."

சொல்லிக்கொண்டே பலகைக்கு மேல் குனிந்து, டம்மியை அவருடைய சட்டைப் பையில் நழுவவிட்டார். குண்டு உருளாதபடி மெதுவாகத்தான் விட்டார். பையின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

தினேஸ்வரி நீலக் கேசிங் ஒன்றைக் காட்டி, அது வேண்டும் என்றாள். பெரியநாயகம் வலக்கையைச் சட்டைப் பையின் மேல் பொத்தி வைத்திருந்தார். அந்தக் கையை எடுக்காமல், அவள் கேட்டதை இடக்கையால் எடுத்து நீட்டினார்.