மழை ஓடும் வழியில் கட்டிய பாட்டு

நான் முதன்முதலாக பொன்னுச்சாமி அண்ணாச்சியைப் பார்த்தபோது அவர் வலது கை தராசுத் தட்டில் பாசிப்பயறை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. இடது கை கல்லாப்பெட்டி மூடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. திருச்சுழியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள பயறுக் கடை. பட்டம் வாங்கிவந்த மறுநாள் அம்மா என்னை அங்கேதான் கூட்டிப்போனாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுல மொத டிகிரி."

"என்ன படிப்பு தம்பி?"

"பி.எஸ்ஸி. கணக்கு."

"நல்லதாப் போச்சு. இந்தப் பாட்டு வரியில தாளத்துக்கு ஒரு தட்டு இடிக்குது. எண்ணிச் சொல்லுங்க" என்று ஒரு நோட்டை என் பக்கம் தள்ளினார். எண்ணிச் சொன்னேன். ஆறு வருடமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணாச்சிக்கு வயது அறுபத்துமூன்று. அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும் பெண்கள் முளைக்கவைக்கத் தானியம் வாங்க அவர் கடைக்கு வருவார்கள். அதைச் சுற்றிக் கும்மியடிக்கப் பாட்டும் கேட்பார்கள். ஊருக்கு ஒரு பாட்டு, ஊருக்கு ஒரு நோட்டு. நோட்டின் அட்டையில் ஊர்ப்பெயர். "கடைக்கு வாரவுகளுக்குப் பயறு நிறுக்க நேரமில்ல, பல்லவி நிறுக்க நேரமிருக்கு" என்பது அவர் மனைவி முத்துமாரியம்மாள் தினமும் சொல்லும் குறை. அவருக்கு அது காதில் விழுவதில்லை. விழுந்தால், தாளத்துக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பார்.

கும்மிப் பாட்டில் ஊரின் எல்லாத் தெருவும் வரவேண்டும். எந்தத் தெரு முதலில் வருவது என்பதில்தான் மண்டை உடையும். ஆரம்பத்தில் பரளச்சிப் பக்கம் ஓர் ஊரில் பெரிய வீட்டுக்காரரின் தெருவை அண்ணாச்சி நாலாவதாக வைத்துவிட்டார். மூன்று நாள் கும்மியே நடக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாட்டுக் கேட்டு வந்தால் நேரே அந்த ஊருக்குப் போவார். "மழ பெஞ்சா தண்ணி எங்கிட்டு ஓடும்?" என்று கேட்பார். ஆளுக்கொன்று சொன்னால் ஒரு குடம் தண்ணீர் வாங்கித் தெருவில் ஊற்றிவிட்டுப் பின்னாலேயே நடப்பார். தண்ணீர் போகிற வரிசையில் தெருப் பெயர்கள் வரும். கடைசியில் ஊர் ஏரியான கண்மாய் வரும்.

எங்கள் ஊரில் மேட்டுத்தெரு எங்களுடையது. கண்மாய்த் தண்ணீர் ஏறாத, எதுவும் விளையாத இடம் என்பதால்தான் கூலிக்காரர்களுக்குக் கிடைத்தது. அதற்கு முன்பு எந்தப் பாட்டிலும் அந்தப் பெயர் வந்ததில்லை. அண்ணாச்சி பாட்டில் அதுதான் முதலில் வந்தது. ஊர்ப்பெரியவர் ஒருவர் கேட்டாராம், "அவுக தெரு எப்படிய்யா முன்னால வரும்?" இவர் சொன்னாராம், "எங்கிட்ட ஏன் கேக்கீக? மழையக் கேளுங்க."

இந்த ஆடி பிறந்ததும் கடைக்குப் போனேன். தராசை ஓரமாகத் தள்ளிவிட்டு, சிவப்புப் பேனாவால் நோட்டுகளில் எதையோ அழுத்தி அழுத்தி அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, திருத்தமா?"

"ஊர் பேரு, தெரு பேரு பூராத்தையும் எடுக்குறேன். அருப்புக்கோட்டை ராம்குமாரு யூடியூப்புல போடுறேங்கான். பொதுவா இருந்தாத்தான் எல்லாரும் கேப்பாகளாம்." பேனா நிற்கவில்லை. "முப்பது வருசத்துக்கு முன்னாடியே மதுரக் கேசட்டுக்காரன் இதத்தான் சொன்னான். மாட்டேன்னுட்டேன். சரின்னவன் பாட்டு இன்னைக்கும் ரேடியோசெட்டுல ஓடுது. எம்பாட்டுக்குப் பத்து நாளுதான் ஆயுசு, சதீசு. முளைப்பாரியோட சேத்துக் கம்மாயில கரச்சிட்டுப் போயிருறாக."

"நாப்பது ஊருல பாடுறாக அண்ணாச்சி."

"ஒருத்தி ஞாபகம் வச்சிருப்பாளா? கணக்குப் படிச்சவன் நீ, ஆறுதலையும் எண்ணியே சொல்ற."

அடியில் கிடந்த நோட்டின் அட்டையில் எங்கள் ஊர்ப்பெயர் இருந்தது. பிரித்தேன். முதல் பக்கத்தில் தெருப் பெயர் வந்த வரிகளில் எல்லாம் எழுத்தே தெரியாதபடி சிவப்பு மை ஊறிக் கிடந்தது. நோட்டை மேசையில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய் அம்மாவைக் கூட்டிவந்தேன்.

அம்மா உட்காரவில்லை. "அண்ணாச்சி, நான் கலியாணமாகி வந்த வருசம். மொளப்பாரிக் கும்மியில, மைக்குல எங்க தெரு பேரு மொதல்ல வந்துச்சு. எங்க மாமியா அழுதுட்டாக. அவுகளப் பாத்து நானும். என்னத்துக்கு அழுகுறோம்னே தெரியல." பிறகு, காய்ப்புக் காய்த்த உள்ளங்கைகளைத் தட்டிப் பாடினாள்.

"மேட்டுத்தெருவுல பெஞ்ச மழ – அம்மா
மேக்க இருந்து ஓடிவரும்
கோட்டத்தெருவ நனச்சுக்கிட்டு – அம்மா
கம்மாக்கரையில கூடிவரும்..."

பயறு வாங்க நின்றிருந்த ஒரு பெண் கொத்தமல்லிக் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். இருபத்தெட்டு வரியையும் அம்மா விடாமல் பாடினாள்.

"எம்மகன் காலேஜுல சேரயில விலாசம் கேட்டாக. மேட்டுத்தெருன்னு சத்தமாச் சொன்னான். எங்க வீட்டுக்காரரு அவுக காலத்துல அந்தப் பேரச் சொல்லவே மாட்டாக" என்றாள் அம்மா. அது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

அண்ணாச்சி மேசை இழுப்பறையில் துழாவி நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "தங்கமாரி, திரும்பச் சொல்லு. வெரசாப் பாடாத. எனக்கே மறந்துபோச்சு."

அவள் சொல்லச் சொல்லச் சிவப்புக்கு மேலே இருந்த சின்ன இடத்தில் எழுதினார். மேட்டுத்தெரு என்பதை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக எழுதினார்.

மாலையில் ராம்குமார் போன் செய்தான். "பேரோட போடுறதுன்னா போடுப்பா" என்றார் அண்ணாச்சி. அவன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான், இன்னும் சொல்லவில்லை.

அம்மா வருவதற்குள் அண்ணாச்சி பதினொரு நோட்டுகளில் அடித்து முடித்திருந்தார். அவற்றை அடுக்கி வைத்துக்கொண்டு இப்போது கடையில்தான் இருக்கிறார். பயறு வாங்க வருகிற பெண்களிடம் எந்த ஊர் என்று கேட்டு, அந்த ஊர் நோட்டைப் பிரித்து வைத்து, நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு, பாடச் சொல்கிறார்.