தொப்பியைக் கழற்றிய இன்ஸ்பெக்டர்

போன வருடம் வைகாசித் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்பு, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது.

என் கணவர் தறி நெய்கிறவர். ஒரு காலை தறியில் உட்கார்ந்திருந்தவரை, சட்டை கூடப் போட விடாமல் போலீஸ் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். ஒரு பட்டு வியாபாரி வீட்டில் ஜரிகை திருடு போயிருந்தது. முந்தின நாள் சேலை கொடுக்க இவர் அங்கே போயிருந்தார், அவ்வளவுதான். மதியமே உண்மையான திருடன் அகப்பட்டான். இவரை, "போய்யா" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டார். மானம்தான் திரும்பவில்லை. எங்களுக்குப் பட்டும் ஜரிகையும் தந்து நெய்யச் சொல்லும் முதலாளி, "கொஞ்ச நாள் போகட்டும்பா" என்றார். நம்பிக்கையில்தானே அதையெல்லாம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள்? தறி காலியாக நின்றது. எதிர்வீட்டு அக்கா என் காதுபடவே, "ஜீப்பு சும்மாவா வரும்?" என்றாள்.

எங்கள் ஊர்ப் பெருமாள் வரதரை வேண்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். புதிதாக வந்திருந்த பெண் இன்ஸ்பெக்டர் உட்காரச் சொன்னார்.  நின்றபடியே சொன்னேன்.

"அவர இட்டுக்கினு போனத தெருவே பாத்துச்சும்மா. விட்டத யாரும் பாக்கல."

அவர் ஒரு தாளில் என் கணவர் பெயரைக் குறித்துக்கொண்டார். "வீடு எங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னதும், "போன வம்ப ஏன்டி திரும்ப இட்டுக்கினு வர?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

திருவிழாவில் பெருமாள் எங்கள் தெருவுக்கு எழுந்தருளிய சாயங்காலம். எல்லோரும் அர்ச்சனைத் தட்டோடு வாசலில் நின்றிருந்தோம். முதலாளியும் இருந்தார். தெருமுனையிலிருந்து அந்த இன்ஸ்பெக்டர் நடந்து வந்தார். கூடவே அன்று இவரை ஏற்றிப்போன போலீஸ்காரரும். என் கணவர் மெல்ல உள்ளே நழுவினார். "மறுபடியுமா!" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"வெளிய வாங்கண்ணா," என்று இன்ஸ்பெக்டரே கூப்பிட்டார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். தொப்பியையும் கழற்றிக்கொண்டு, என் கணவருக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து, பெருமாளின் பாதமான சடாரியைத் தலையில் வாங்கிக்கொண்டார். பெருமாள் நகர்ந்தார். கூட்டம் நகரவில்லை. தொப்பியைத் திரும்பப் போடாமலே பேசினார்:

"அன்னைக்கு இவரை எல்லார் எதிர்லயும் கூட்டிட்டுப் போனோம். சரியா விசாரிக்கல. இவர் மேல ஒரு தப்பும் இல்ல, தப்பு எங்களுது. மன்னிச்சிடுங்கண்ணா."

என் கணவரைப் பார்த்துக் குனிந்து கை கூப்பினார். அந்தப் போலீஸ்காரரும் கை கூப்பினார்.  

எதிர்வீட்டு அக்காதான் முதலில் வாய் திறந்தாள். "ஏம்மா, இம்மாந்தூரம் நடந்தா வந்தீங்க? ஜீப்பு இன்னா ஆச்சு?"

"ஜீப்ல வந்தா நீங்கல்லாம் கதவ சாத்திக்குவீங்களே!"

தெருவே சிரித்தது. முதலாளி என் கணவரின் தோளில் கை வைத்து, "காலைல வந்து பட்ட எடுத்துக்கினு போப்பா," என்றார்.  இவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பெருமாளுக்கு முன்னால் யாரும் குனிவார்கள். ஏழை நெசவாளிக்கு முன்னால் காக்கிச் சட்டை குனிந்ததை அன்றுதான் பார்த்தேன். இன்றும் சடாரிக்குத் தலை தாழ்த்தும்போதெல்லாம் கையில் தொப்பியோடு நின்ற அந்த அம்மாவையும் சேர்த்தே கும்பிடுகிறேன்.