சபர் மாதத்துக் கையெழுத்து

நீடாமங்கலம் கடைத்தெருவில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் வேண்டுமென்றால் சேக் தாவூதின் கடைக்குத்தான் போவார்கள். ஒரு வாஷரைக்கூட வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தான் கொடுப்பார். நிதானமான மனிதர் என்று ஊரே மெச்சும். அந்த நிதானம்தான் கடைசியில் அவர் குடியைக் கெடுத்தது.

இஸ்லாமிய ஆண்டின் இரண்டாவது மாதமான சபரில் அவர் எதையும் தொடங்க மாட்டார். பீடை மாதம் என்று அவருடைய அத்தா சொல்லி வளர்த்திருந்தார். கடை திறந்ததும் சபர் கழிந்துதான். மகள் ஷமீராவின் நிக்காஹ் நடந்ததும் அப்படித்தான். மார்க்கத்தில் அப்படியொன்றும் இல்லை என்று பள்ளிவாசல் இமாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ உரையிலேயே சொல்லிப் பார்த்தார். தாவூது பயபக்தியோடு கேட்டுக்கொண்டார், மாறவில்லை. மகன் இர்பான் ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் புறப்பட்டபோதும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு, சபர் கழிந்த பிறகே விமானம் ஏற்றினார்.

நல்ல நாள் பார்த்துப் போன பிள்ளை அங்கே தூக்குத் தண்டனைக் கைதியானான். அவன் வேலை பார்த்த கடையின் முதலாளியை யாரோ கொன்றுவிட்டார்கள்; கடைச் சாவி இர்பானிடம் இருந்தது. விசாரணை நடந்த மொழி அவனுக்குத் தெரியாது. மொழிபெயர்க்க ஆளும் வைக்கவில்லை. அந்த நாட்டு மேல்கோர்ட்டும் தண்டனையை உறுதிசெய்துவிட்டது.

மிச்சமிருந்தது ஒரே வழி. ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பொதுவாக ஒரு மனித உரிமை நீதிமன்றம் உண்டு. அங்கே வழக்குப் போட்டால் தூக்கை நிறுத்திவைக்கச் சொல்ல வாய்ப்பிருந்தது. ஆனால் தனிமனிதர்கள் தன்மேல் அங்கே வழக்குத் தொடுக்கலாம் என்று முன்பு சம்மதித்திருந்த அந்த அரசு, சம்மதத்தை வாபஸ் வாங்கியிருந்தது. வாபஸ் நடப்புக்கு வர ஒரு வருடம்; அதற்குள் வந்து சேரும் வழக்கைத்தான் எடுத்துக்கொள்வார்கள். கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்க அரசாங்கங்கள் நல்ல நாள் பார்ப்பதில்லை.

அதே நகரில் கடை வைத்திருந்த ஊர்க்காரர் உபைதுல்லா போனில் கத்தினார்.

"மாமா, ஜெயிலுக்குள்ள வக்கீலை விட மாட்டேங்குறாங்க. அவனுக்காக வழக்குப் போட வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்குற பத்திரத்துல நீங்க நோட்டரிகிட்ட கையெழுத்துப் போட்டு ஒரிஜினலை அனுப்புங்க. ஆகஸ்ட் முடிஞ்சா கதவைச் சாத்திடுவாங்க."

அப்போதுதான் சபர் பிறந்திருந்தது.

"இன்னைக்கே திருவாரூர் போயிப் போட்டுட்டு வந்துடுங்களேன்," என்றாள் மனைவி கமருன்னிஸா.

"உசுரு விஷயம். பீடை மாசத்துலயா ஆரம்பிக்கிறது? கழிஞ்ச மறுநாளே அனுப்பினாலும் போயிச் சேர்ந்துடும்."

அவள் அழுது பார்த்தாள். அவர் அசையவில்லை. மகன்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியமே கையைக் கட்டிப்போட்டது.

சபர் கழிந்த மறுநாள் காலையிலேயே கையெழுத்திட்டு கூரியரில் போட்டார். கவர் வழியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் கிடந்து, செப்டம்பர் பிறந்த பிறகு வக்கீல் கைக்குக் கிடைத்தது. அந்த நாட்டின்மேல் இனித் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

கமருன்னிஸா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் பாவி மனிதருக்கு ஆறுதலாகவாவது இருந்திருக்கும். சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டாள். இர்பானிடம் "கோர்ட்டுல எடுத்துக்கலை" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த வருடம், குறுவைக்குத் தண்ணீர் இறைக்கிற நாட்கள். கடையில் கூட்டம் நெரிந்தது. அந்த நாட்டு ஜனாதிபதிக்கு அனுப்ப வேண்டிய கருணை மனு, தகப்பனார் கையெழுத்துக்காக வந்து சேர்ந்தது. முந்தின மாலைதான் சபர் பிறை தெரிந்திருந்தது. தாவூது ஆட்களை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. குனிந்து நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டி ஓடி, திருவாரூர் பஸ்ஸைப் பிடித்தார்.

அந்த வாரம் ஜெயிலிலிருந்து இர்பான் பேசினான்.

"அத்தா, மனு வந்திருக்குன்னு உபைதுல்லா அண்ணன் சொன்னாங்க. சபராச்சே, இப்பப் போடாதீங்க. கழியட்டும். அதுவரைக்கும் நான் இருப்பேன்."

"போட்டுட்டேன் தம்பி."



"சபர்லயா?" என்றான் இர்பான். தூக்கு என்று தீர்ப்பு வந்த நாளில்கூட அவன் இப்படிப் பயந்து பேசி அவர் கேட்டதில்லை. "ஏன்த்தா? நீங்களா போட்டீங்க?"

கமருன்னிஸா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"போன வருஷம் கழியட்டும்னுதான் காத்திருந்தேன் தம்பி," என்றார் தாவூது.