தெருவில் அளந்த மூச்சு

பஞ்சாலையில் பஞ்சைப் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்த அவளை எல்லோரும் வெண்கலத் தொண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்ட அந்தக் குரலை, முப்பது வயதுக்குள் இருமல் தின்றுவிட்டது. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் கூடத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் நெஞ்சடைக்கும். "வயித்துக்கு ஒழுங்கா சாப்பிடாம வந்தா அப்படித்தான்" என்பார் மேஸ்திரி.

ஒருநாள் ஒரு பெண் டாக்டர் மூச்சளக்கும் கருவியோடு அவர்கள் தெருவுக்கு வந்தார். இந்த இருமல் வறுமையால் வருகிறதா, பஞ்சுத் தூசியால் வருகிறதா என்று ஆராய வேண்டும் என்றார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இவள் மட்டும் நடுத்தெருவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

புருஷன் கையைப் பிசைந்தான். "உனக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேலை?"

"மூச்சே போய்க்கிட்டிருக்கு, வேலை போனா என்னய்யா? நீங்க அளங்கம்மா!"

அவள் ஊதியதைப் பார்த்து ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஆண்களும் பெண்களுமாகத் தெருவே வரிசையில் நின்று ஊதியது. அரைவயிறு எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்தது. மூச்சு பாதியானது மட்டும் பஞ்சுக் கூடத்தில் உழைத்தவர்களுக்குத்தான். அதற்குமேல் மேஸ்திரியால் சாப்பாட்டைக் குறைசொல்ல முடியவில்லை. டாக்டர் அந்தக் கணக்கை ஆலைக்கு அனுப்ப, மறுவருஷமே கூடத்தில் தூசியை உறிஞ்சும் இயந்திரத்தைப் பொருத்தினார்கள்.

அவளுக்குப் போன மூச்சு திரும்பவில்லை. ஆனால் அதே கூடத்தில் சேர்ந்த மகள் இருமாமல் வீடு திரும்பினாள். பார்ப்பவர்களிடமெல்லாம் தாய் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்: "அந்த மெஷினு கரண்டுல ஓடலைங்க, எம் மூச்சுல ஓடுது."