வேட்டி கொடுத்து முடித்த வேலை

அந்தக் காலத்தில் வீடு கட்ட ஆள் பேசுவதற்குக் கையெழுத்தும் கிடையாது, முத்திரையும் கிடையாது. வெற்றிலை பாக்குத் தட்டை நாம் நீட்டி மேஸ்திரி வாங்கிக்கொண்டால் வேலை ஆரம்பம். பால் காய்ச்சும் நாளில் நாலு பேர் பார்க்க அவருக்கு வேட்டி துண்டு கொடுத்தால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு கூரை ஒழுகினாலும் அவரைக் கேட்க முடியாது. கூலி குறைந்தது என்று அவரும் வந்து நிற்க முடியாது. நடுவில் மனஸ்தாபம் வந்தால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிரிந்துவிடலாம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

மலாயாவில், லூனாஸில் என் வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருந்தார். ஜப்பான்காரன் வந்த பிறகு அதுவே பங்கீட்டுக் கடையானது. நாங்கள் இருவரும் அவருடைய அண்ணன் வீட்டில் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டிருந்தோம். அடுப்பங்கரை என் ஓரகத்தியின் ராஜ்யம். நான் தட்டில் சோறு போட்டுக்கொள்ளும்போது அவள் பானைக்குள் எட்டிப் பார்ப்பாள். எங்கள் கடை அரிசிதான் அது, ஆனாலும் பார்ப்பாள். நான் உண்டானதும் பிடிவாதம் பிடித்தேன். என் பிள்ளை என் வீட்டில்தான் பிறக்க வேண்டும், இவள் வீட்டில் பிறக்கக் கூடாது என்று அழுதேன், பட்டினி கிடந்தேன், கடைசியில் சாதித்தேன்.

கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் முன்பாதி அரிசிக் கிடங்கு, பின்பாதி வீடு என்று சொல்லி என் வீட்டுக்காரர் ஜப்பான்காரனிடம் அனுமதி வாங்கினார். கட்ட வந்தவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து மேஸ்திரி. வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் தோட்டத் தொழிலாளிகளுக்கு லயத்து வீடுகள் கட்டியவர். வாய் ஓயாத மனிதர், அதைவிடப் பெரிய சாப்பாட்டுப் பிரியர். மரவள்ளிக்கிழங்கு சேர்த்து வடித்த சோற்றைப் பார்த்து, "என்னா தங்கச்சி, சோத்துக்குள்ள கெழங்கா, கெழங்குக்குள்ள சோறா?" என்று கேட்பார். எனக்கு எரிச்சல் வரும். மத்தியானச் சாப்பாடும், போகும்போது வீட்டுக்குக் கொஞ்சம் அரிசியும் என்பதுதான் பேச்சு. ஜப்பான் நோட்டை அப்போது யார் மதித்தார்கள்?

சிமெண்டு கிடைக்காது, புது ஆணி கிடைக்காது. ரப்பர்ப் பால் ஷீட்டு காய வைக்கிற, இடிந்த புகைக்கூடத்துப் பலகையைச் சுமந்து வந்து, வளைந்த ஆணியைத் தட்டி நிமிர்த்தி, மேலே அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்து வீட்டை எழுப்பினார். முதலில் மளமளவென்று நடந்த வேலை பாதிக்குமேல் நொண்ட ஆரம்பித்தது. ஒரு நாள் நானே பார்த்தேன்: முந்தின நாள் அடித்த பலகையை அவரே பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, நேத்து அடிச்சத இன்னைக்குப் புடுங்குறீங்க?" என்றேன்.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "தங்கச்சி, ஒங்ககிட்ட மறைக்க என்னா இருக்கு. தோட்டத்துல சயாமுக்கு ஆள் எடுக்குறாங்க, ரயில் ரோடு போட. போனவன் ஒருத்தன்கூட இன்னும் திரும்பல. அரிசிக் கெடங்கு வேல எங்கையில இருக்கிற வரைக்கும் கிராணி என்னைத் தொட மாட்டாரு. வேல முடிஞ்சா நான் சும்மா இருக்கிற ஆளு. ஊட்டுல புள்ளைங்க இருக்குதுங்க. நீங்க குடி வந்துக்கங்க, நான் வேணாங்கல. பின்கதவு மட்டும் மாட்டாம இருக்கட்டும். வேட்டிய மட்டும் இப்பக் குடுத்துடாதீங்க லா."

தோட்டத்திலிருந்து யாரை அனுப்புவது என்று ஆள் பொறுக்குகிறவர் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணிதான். அவர் எங்கள் கடைக்கு வாடிக்கையாக உப்பு வாங்க வருகிறவர். மேஸ்திரி சொன்னதில் பொய் இருக்க முடியாது. ஆனால் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? நம் வீட்டுச் சோற்றில் ருசி கண்டுவிட்டார், அதை விட மனசில்லாமல் கதை கட்டுகிறார் என்று நினைத்தேன். ஓரகத்தி என் தட்டைப் பார்த்த அதே பார்வையை நான் அவர் தட்டின் மேல் வைத்தேன். எப்போது கற்றுக்கொண்டேன் என்றே தெரியவில்லை.

வயிறு வளர்ந்துகொண்டிருந்தது. ஏழு மாதம் ஆகிவிட்டால் பிள்ளை பிறக்கும்வரை பால் காய்ச்சிக் குடிபோகக் கூடாது என்பார்கள். என் வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். "பால மட்டும் காய்ச்சிடுவோம். கதவும் வேட்டியும் அப்புறம் பாத்துக்கலாம். அவரு இன்னும் கொஞ்ச நாள் வந்து சாப்பிட்டுப் போகட்டுமே, என்னா கொறஞ்சிடப் போவுது?" நானும் தலையாட்டினேன்.

பால் காய்ச்சிய அன்று அண்ணன் குடும்பமும் கடைத்தெருக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். உப்புக்காக வந்த கிராணியையும் என் வீட்டுக்காரர் மரியாதைக்கு உட்கார வைத்திருந்தார். மேஸ்திரி வாசலோரம் நின்று, மாட்டாத பின்கதவைப் பற்றி எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னும் வேல கெடக்கு, இன்னும் நெறைய கெடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் ஓரகத்தி வாயைத் திறந்தாள். "ஊடு கட்டுனவருக்கு ஒரு வேட்டி குடுக்கக்கூட வக்கில்லாம என்னாத்துக்கு இந்தக் குடிபுகுதல்? எங்க ஊட்டுலயே இருந்திருக்கலாம்ல?"

நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஊரே கோணியைச் சுற்றிக்கொண்டு திரிந்த நேரம் அது. என் டிரங்குப் பெட்டியில் ஜப்பான் சண்டைக்கு முன்னால் வாங்கிய வேட்டி ஒன்று இருந்தது, மயில்கழுத்து நிறக் கரை போட்டது. விடுவிடுவென்று உள்ளே போனேன். என் வீட்டுக்காரர், "இந்தா, இந்தா" என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது. நன்றாக விழுந்தது. வேட்டியைத் தட்டில் வைத்து, அதன்மேல் வெற்றிலை பாக்கும் வைத்து, எல்லோர் முன்னாலும் மேஸ்திரியிடம் நீட்டினேன்.

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்ல நாளில் நீட்டின தட்டை வேண்டாம் என்று எந்த மேஸ்திரியாலும் சொல்ல முடியாது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்லா இருங்க தங்கச்சி" என்றார். ஓரகத்தியின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கிராணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப கெடங்கு வேல முடிஞ்சிருச்சு" என்றார். யாரிடமும் கேட்கவில்லை, சும்மா சொன்னார்.

அந்த வாரமே மேஸ்திரியைச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவர் மனைவி வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கிழிசலை மறைக்கக் கோணியைப் போர்த்தியிருந்தாள். கையில் அதே வேட்டி, மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. மேலே எங்கிருந்தோ தேடிப் பிடித்த இரண்டு வெற்றிலை.

"இத வாங்கிக்குங்கக்கா. குடுத்தா வேல முடிஞ்சுதுன்னா, திருப்பிக் குடுத்தா முடியலன்னுதானே அர்த்தம்? பின்கதவு இன்னும் மாட்டலல்ல? கடைக்கார அண்ணன் போயி கிராணிகிட்டச் சொன்னா அவர விட்டுருவாங்க."

நான் வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினார். இருட்டிய பிறகு திரும்பி வந்தார். ரயில் போய்விட்டது என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பின்கதவை வேறு ஆள் வந்து மாட்டினான். பிள்ளை அந்த வீட்டில்தான் பிறந்தது, நான் கேட்ட மாதிரியே. அதற்கு மேல் நான் செய்ததைத்தான் சொல்லக் கூசுகிறது. திருப்பிக் கொடுத்த வேட்டியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அவர் வந்தால் கொடுக்க வேண்டும் என்றுதான் பெட்டியில் போட்டேன். துணியே கிடைக்காத நாளில் குழந்தையை எதில் போடுவது? ஒரு நாள் பெட்டியைத் திறந்து அதை எடுத்துத் தூளி கட்டிவிட்டேன்.

சண்டை முடிந்து, சயாமுக்குப் போனவர்களில் மிச்சம் மீதி ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தபோது மேஸ்திரியின் மனைவி மறுபடி வந்தாள். கடைக்கு நாலு இடத்து ஆட்கள் வருவார்களே, யாராவது அவரைப் பார்த்ததாகச் சொன்னார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் கண் என்னைத் தாண்டி உள்ளே போயிற்று. தூளியின் மயில்கழுத்துக் கரையில் போய் நின்றது.

உள்ளே குழந்தை சிணுங்கியது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள்தான் உள்ளே போனாள். தூளியின் விளிம்பைப் பிடித்து, துணியை ஒரு தரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, குழந்தை தூங்கும்வரை ஆட்டிக்கொண்டே நின்றாள். பிறகு என்னிடம், "அப்ப வேல முடிஞ்சிருச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக இறங்கிப் போனாள்.