பந்தல் காலில் கட்டிய கடவுச்சொல்

ஊக்கை நிமிர்த்தி, ரவுட்டரின் முதுகிலிருந்த பொட்டுத் துளைக்குள் விட்டு அழுத்திப் பிடித்தான் உதயரூபன். பத்து வரை எண்ணச் சொல்லியிருந்தது. அவன் இருபது வரை எண்ணினான். விளக்குகள் எல்லாம் ஒருதரம் அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கடையிலிருந்து அன்றுதான் வந்த பொருள்போல அது அலுமாரிக்கு மேல் இருந்தது.

வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. அந்த இருபது எண்ணிக்கைக்குள் பதினேழு கருவிகள் இணையத்தை இழந்தன. அவற்றில் உதயரூபனின் வீட்டுக்குரியவை நாலு. மாமியின் போன் ஒன்று. பக்கத்து வீட்டில் மைத்துனி விதுர்ஷா குடும்பத்தின் போன்கள் மூன்று, டிவி ஒன்று. மீதியை அவன் காலையிலிருந்து தேடிப் பார்த்திருந்தான். எதிர்வீடு இரண்டு. ஒழுங்கை முடக்கிலுள்ள சலூனில் தலைமயிர் வெட்டக் காத்திருந்தவர்கள் மூன்று பேர், கையில் போனோடு. மூன்றை அவனால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. போனில் இறக்கிய ஒரு செயலி காட்டிய பட்டியலில் ஒரு கம்பனிப் பெயரும் இலக்கமும் மட்டும் இருந்தன.

திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டு வைத்தியர்கள் பேசிப் பதிந்த நோயாளர் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவன் வேலை. நோயாளரின் பெயர், நோய், வயது எல்லாம் அவன் கணினி வழியாகப் போகும். ஆகவே வீட்டு இணைப்பில் வீட்டார் தவிர வேறெவரும் இருக்கக் கூடாது என்று நிறுவனம் எழுதியிருந்தது. வெள்ளி காலை பத்து மணிக்குப் பரிசோதகர் வீடியோவில் வருவார். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து காட்ட வேண்டும். அந்நியக் கருவி ஒன்று இருந்தாலும் அன்றோடு வேலை முடிந்தது.

அவனுக்கு இன்னொரு வேலை இல்லை. வவுணதீவில் பிறந்தவன். தகப்பனின் வயல் வட்டையில் தண்ணீர் கட்டியவன், பிறகு ஒரு லீசிங் கம்பனிக்காக மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகத் திரிந்தவன். ஐந்து வருசத்துக்கு முன் கல்லடியில் ஒரு லொறி அவனை இடித்தது. வலது முழங்கால் இப்போது மடங்காது. இரண்டு வருசம் வீட்டில் கிடந்தான். அந்த இரண்டு வருசமும் வளவில் ஒருவரும் அவனை ஒரு சொல் சொல்லவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவன் நினைத்ததுண்டு.

அது பெரியகல்லாற்றில் மனைவி கஜானியின் வீடு. அவர்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண், கலியாணம் முடித்ததும் உடுப்புப் பையோடு வந்து சேருவான். பெரிய வீட்டை மூத்தவள் கஜானிக்கு எழுதிவிட்டு மாமாவும் மாமியும் பின்னால் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் இளையவள் விதுர்ஷாவுக்கு ஒன்று எழும்பியது. மூன்று வீட்டுக்கும் நடுவே வேலி கிடையாது. காலையில் ஒருத்தி விளக்குமாறை எடுத்தால் வாவிக்கரை வரைக்கும் ஒரே கூட்டல்தான்.

ரவுட்டர் மட்டும் அவன் வாங்கிவந்தது. கடவுச்சொல் மாமாவின் விருப்பப்படி வைத்தது, கந்தப்போடி என்ற அவர் பெயரும் அவர் பிறந்த வருசமும். அது ஊருக்குத் தெரிந்ததற்குக் காரணமும் அவனேதான்.

பத்து மாதத்துக்கு முன் மாமா இறந்தார். சுவிஸிலுள்ள மகன் வர வழியில்லை. கனடாவிலும் லண்டனிலும் சொந்தக்காரர். செத்த வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாஸ்வேட் என்ன என்று அவனிடமே வந்து நின்றார்கள். காலை இழுத்து இழுத்து நடந்து களைத்துப்போய், ஒரு பெட்டி மட்டையைக் கிழித்து, கறுப்பு மார்க்கரால் பெரிய எழுத்தில் எழுதிப் பந்தல் காலில் கட்டிவிட்டான். எழுத்து நல்ல வடிவாக இருந்தது. சவம் எடுத்து முடிந்ததும் சுவிஸிலிருந்து மைத்துனன் பேசினான். பாடை வாசல் தாண்டியதுவரை தெளிவாகப் பார்த்தோம், அத்தான் இல்லாட்டி இது நடந்திராது என்றான். விபத்துக்குப் பிறகு அந்த வளவில் அவனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. மட்டை முப்பத்தோராம் நாள் கிரியைவரை பந்தல் காலிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு ஒருமுறை மாற்றுவோமா என்று கேட்டுப் பார்த்தான். மாமி இலட்சுமிப்பிள்ளை தலையை நிமிர்த்தாமல் மீனை அரிந்துகொண்டே, அவர்ர பேரையோ எடுக்கப்போறீங்க என்றார். அதோடு விட்டுவிட்டான்.

இன்று விட முடியாது. ரவுட்டரின் உள்ளமைப்புப் பக்கத்தைத் திறக்க ஒரு தனிக் கடவுச்சொல் வேண்டும். அதைப் போட்டவன் விதுர்ஷாவின் கணவன் மதுஷன். களுவாஞ்சிக்குடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். மதியம் அவனுக்குப் போன் எடுத்தபோது, அண்ணன், ஊர்ப் போன் எல்லாத்துக்கும் பாஸ்வேட் போடுறவன் நான், இது எங்க ஞாபகம் என்று சிரித்தான். அதனால்தான் ஊக்கு.

ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த தாளிலிருந்த எழுத்துக்களைப் பார்த்து உள்ளே போனான். இணைப்பின் பெயரை மாற்றினான். பதினாறு எழுத்தில் ஒரு கடவுச்சொல், எந்த மனிதருடைய பெயரும் இல்லாதது. உள்ளமைப்புப் பக்கத்துக்கு இன்னொன்று. ரவுட்டரின் பக்கவாட்டிலுள்ள பொத்தானையும் வேலை செய்யாமல் நிறுத்தினான். வீட்டுக்குள் வந்து அதை ஒருதரம் அழுத்தினால் கடவுச்சொல் இல்லாமலே போன் இணைந்துவிடும். மதுஷன் இப்படித்தான் தன் கூட்டாளிமாரை இணைத்துவிடுவான். முடிந்ததும் பட்டியலைத் திறந்தான். கணினி, அவன் போன். இரண்டே இரண்டு. அந்த வெறுமையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு விதுர்ஷா குசினி வாசலில் வந்து நின்றாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் போன் வழியாகப் பாடம் சொல்லிக் கொடுப்பவள். பாதிக் கணக்கில் எல்லாரும் மறைந்துவிட்டார்கள் என்றாள். மாற்றுகிறேன் என்றான். சரி, புதுசைச் சொல்லுங்க அத்தான் என்றாள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். அவள் அவனையும் ரவுட்டரையும் பார்த்தாள். சரி என்று போனாள்.

நாலு மணிக்கு மாமி வந்தார். பொலித்தீன் உறைக்குள் சுற்றிய போனைக் கையில் பிடித்திருந்தார். அந்த நேரத்துக்குத்தான் சுவிஸிலிருந்து மகன் எடுப்பான்.

“மகன், அவன் வாறானில்ல. ஏதும் நடந்திரிக்குமோ?” மருமகனையும் அவர் மகன் என்றுதான் கூப்பிடுவார்.

“ஒண்டும் நடக்கல்ல மாமி. நான்தான் இத மாத்தினன்.”

அவர் போனை நீட்டினார். உதயரூபன் அதை வாங்கவில்லை. மாமியின் போனில் போட்டால் அது மாமியோடு நிற்காது. போனில் ஒரு கியூஆர் கட்டத்தை வரவைத்து இன்னொரு போனால் படம் பிடித்தால் போதும், எழுத்துத் தெரியாமலே உள்ளே வந்துவிடலாம். மதுஷனுக்கு அது மூச்சு விடுவதுபோல. இதை எப்படி மாமிக்குச் சொல்வது என்று தெரியாமல், தன் போனிலிருந்து மைத்துனனுக்கு அழைத்து மாமியின் கையில் கொடுத்தான். அவர் நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திருப்பித் தந்தார். மருமகனின் போனில் மகனோடு என்னத்தைப் பேசுவது.

பிரதேச செயலகத்திலிருந்து கஜானி வர நாலே முக்கால். பையை வைத்ததும் போனை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். ஒழுங்கையிலேயே தகவல் கிடைத்திருக்கும். அவன் கை ஒரு கணம் பின்வாங்கியது. அதை அவள் கண்டுவிட்டாள்.

“எனக்குமோ?”

அவன் போனை வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு தானே தட்டி இணைத்துக் கொடுத்தான். அம்மாட்டக் காட்டாத என்றான்.

“மறுகா எனக்கு என்னத்துக்குத் தந்தீங்க?”

கடிதத்தின் ஆறாவது குறிப்பில் ஒரு வழி இருந்தது. வெளியாருக்கென்று அதே ரவுட்டரில் வேறு பெயரில் வேறு பாதை திறக்கலாம். அந்தப் பாதையில் வருகிறவர்கள் அவன் கணினியைக் காணமாட்டார்கள். அவர்களுக்குத் தனிப் பட்டியல். இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று தன்னையே நொந்துகொண்டு அவன் அதைத் திறந்தான். அதற்கு இலகுவான கடவுச்சொல் வைத்து, ஒரு தாளில் எழுதி, மாமியின் வீட்டுக்கு நடந்துபோய்க் கையில் கொடுத்தான். மனம் இலேசாக இருந்தது. எல்லாருக்கும் கிடைத்துவிட்டது, வேலையும் போகாது.

ஐந்தரைக்கு மதுஷன் கடையிலிருந்து வந்தவன் நேரே பெரிய வீட்டு விறாந்தைக்கு ஏறினான். பின்னால் மாமி. விதுர்ஷா முற்றத்திலேயே நின்றுகொண்டாள்.

“அண்ணன், பார்த்தன். நல்ல வேலை” என்றான் மதுஷன். “உங்களுக்கு முன்கதவு. எங்களுக்குக் கோழிக்கூட்டு வாசல்.”

உதயரூபன் நோயாளர் குறிப்பு, பரிசோதகர், பத்து மணி எல்லாவற்றையும் சொன்னான். மதுஷன் தலையாட்டினான். அவனுக்கு விளங்காமல் இல்லை. அது அவன் தொழில்.

“விளங்குது அண்ணன். வெள்ளைக்காரன்ர நோய் வருத்தம் எங்களுக்குத் தெரியப்படாது. சரி. வெளியாக்கள் எண்டு எங்களைத்தானே போட்டிரிக்கி?”

மாமி அதுவரை பேசவில்லை. தாளை நாலாக மடித்து வைத்திருந்தார்.

“இந்த வளவுக்குள்ள நாங்க வேலி போட்டதில்ல மகன்” என்றார். “வந்தாக்களும் போட்டதில்ல.”

கோபம் எதுவும் குரலில் இல்லை. தாளை விறாந்தைக் கதிரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். விதுர்ஷாவும் கூடவே போனாள். மதுஷன் ஒருகணம் நின்று, என்ன செய்யலாம் அண்ணன் என்பதுபோலக் கையை விரித்துவிட்டுத் தானும் போனான்.

இருட்டுகிற நேரத்தில் தினமும் மாமி வீட்டிலிருந்து கறி வரும். அன்று வரவில்லை. தலையிடி என்று உதயரூபனின் மகளிடம் சொல்லியனுப்பியிருந்தார். கஜானி முட்டை பொரித்தாள். மகள் படுத்த பிறகு இருவரும் சாப்பிட்டார்கள்.

“அவங்க உங்கள ஒண்டும் சொல்ல மாட்டாங்க” என்றாள் கஜானி.

“தெரியும்.”

“நாளைக்குப் பத்து மணிக்குக் காட்டிப்போட்டுப் பழையதப் போடேலாதோ?”

“அவங்க மறுகா சொல்லிப்போட்டு வரமாட்டாங்க. எந்த நாளும் வரலாம்.”

“அப்ப எப்பவும் இப்பிடித்தானோ?”

“வேலை இருக்கிற மட்டும்.”

அவள் கோப்பையைக் கழுவப் போனாள். வீடு தன்னுடையது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. பழையதைத் திரும்பப் போட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவன் கணக்குப் பார்த்தான். ஐந்து நிமிடம். பழைய எழுத்துக்களை எழுத அவனுக்கு யோசிக்கவே வேண்டாம். எழுந்து ரவுட்டர்வரை போய் அதன்மேல் கை வைத்தான். அந்த இரண்டு வருசத்துக் கட்டில், நேரத்துக்கு வந்த சாப்பாடு, யாரும் எதுவும் சொல்லாத அந்த வீடு எல்லாம் நினைவில் வந்தன. கையை எடுத்தான். திரும்பிவந்து படுத்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு மதுஷன் கடையிலிருந்து சிம் போட்ட ஒரு ரவுட்டர் கொண்டுவந்து விதுர்ஷா வீட்டுச் சுவரில் பூட்டினான். பழைய பெயர், பழைய கடவுச்சொல். யாரும் எதையும் தொடத் தேவையிருக்கவில்லை. வளவிலிருந்த போன்கள் தாமாகவே அதில் இணைந்தன. எதிர்வீடும் சலூனும் இணைந்தன. மகளின் டெப்லெட்டும் பெரிய வீட்டு டிவியும் இணைந்தன. உதயரூபனின் போனும் அதிலேயே போய் ஒட்டிக்கொண்டது. அவன் அதை அப்படியே விட்டான். கஜானி எட்டு மணிக்கு வேலைக்குப் போனாள்.

பத்து மணிக்குப் பரிசோதகர் வந்தார். ஒரு பெண். பட்டியலைக் காட்டச் சொன்னார். அதில் ஒரு கணினி இருந்தது. தனியாக வசிக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, மூன்று பேர் என்றான். அவர் குறித்துக்கொண்டார். எல்லாம் சரியாக இருப்பதாகவும், அடுத்த பரிசோதனை முன்னறிவித்தல் இல்லாமல் வரும் என்றும், வேலை நேரத்தில் அறைக்கதவு சாத்தியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

மதியம் மாமி வீட்டிலிருந்து சோறு வந்தது. கதவு சாத்தியிருந்ததால் வெளிமேசையில் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றரைக்கு எடுத்துச் சாப்பிட்டான். நாலு மணிவரை ஏழு குறிப்புகள் தட்டினான். அவற்றில் ஒன்றைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். திருத்தி அனுப்பினான்.