மாத்தளைக்கு வந்த ஜப்பான் மோகினி

எங்கள் ஊர் தியேட்டருக்கு வந்த ஆங்கிலப் பேய்கள் எல்லாம் காலில் சப்பாத்து போட்டிருந்தன. கறுப்புக் கோட்டு, வாரிவிட்ட தலை, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரும் மரியாதை. தேயிலைத் தோட்டத்துத் துரை மலை பார்க்க வந்த மாதிரி இருக்கும். மலிவு டிக்கெட் கலரியில் கடலை கொறிக்கிறவன் முதலில் பார்ப்பது பேயின் காலைத்தான். "தரையில படுதுடா!" என்று ஒருவன் கத்திவிட்டால் அதோடு அந்தப் பேயின் மானம் போயிற்று. மீதிப் படம் முழுக்கப் பேய்தான் சனத்துக்குப் பயப்பட வேண்டும்.

அப்போது நான் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். நாலு ஆங்கிலப் புத்தகம் படித்திருந்ததால் பேய், பிசாசு எதிலும் நம்பிக்கை இல்லை என்று யாரும் கேட்காமலே சொல்லித் திரிந்தேன். படத்தில் மட்டும் நம்பிக்கை இருந்தது. அப்பாவுக்கு இரண்டிலும் இல்லை.

"டவுன்ல ஒரு வேலை தேடிக்கிட்டா இரு. இல்லாட்டி திங்கக்கிழமை நாலந்தாவுக்கு பஸ் ஏறு. மாமா கடையில ஆள் வேணுமாம்" என்றார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து நாலந்தாவில் பழங்காலத்துக் கற்கோயில் இருக்கிறது. தியேட்டர் இல்லை. ஒரு ஊருக்கு எது அவசியம் என்பதில் அந்தக் காலத்து ராஜாக்களுக்குத் தெளிவு போதாது. திங்கட்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. நான் தியேட்டர் முதலாளியிடம் போய் நின்றேன்.

அவருக்கும் ஒரு கஷ்டம் வந்திருந்தது. கேட்ட படத்துக்குப் பதிலாகக் கொழும்பிலிருந்து ஒரு ஜப்பான் பேய்ப் படத்தை அனுப்பியிருந்தார்கள்.

"படம் ஜப்பான், மகன். கீழ வர்ற எழுத்து இங்கிலீஷ். கலரிக்கு ரெண்டும் விளங்காது. சும்மா ஓட்டினா கதிரை, பெஞ்செல்லாம் விறகாப் போகும். நீங்க மைக்கைப் புடிச்சி கதையைச் சொல்லணும். தமிழ்லயும் சிங்களத்துலயும்."

"வேலை நிரந்தரமா, முதலாளி?"

"சனிக்கிழமை மெட்னி ஷோ பாப்போம். சனம் எழும்பிப் போகாட்டி, இன்ஷா அல்லாஹ், வேலை உங்களுக்குத்தான்."

ஆக என் எதிர்காலம் ஒரு ஜப்பான்காரியின் கையில் இருந்தது.

சனிக்கிழமை பக்கக் கதவோரம் மைக்கோடு நின்றேன். ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்லி, பிறகு சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் திரையில் மூன்று வசனம் ஓடிவிடும். வாள்காரன் ஒருவன் வெட்டுப்பட்டு விழுந்து கிடக்கிறான். என் கணக்கில் அவன் இன்னும் தேத்தண்ணி கேட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், செத்தவன் தண்ணி கேக்கிறான்டா!" என்று கலரி சிரித்தது. இரண்டு பேர் எழும்பினார்கள். எனக்கு நாலந்தா பஸ்ஸின் ஹார்ன் காதில் கேட்டது.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. இரண்டு மொழிக்கும் பொதுவான சொல்லாகப் பார்த்துச் சொன்னால் பாதி நேரம் மிச்சம். தமிழில் பேய், சிங்களத்தில் வேறு ஏதோ என்று ஏன் அலைய வேண்டும்? தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வெள்ளையுடையில் ஒருத்தி பனிக்குள்ளிருந்து வந்ததும், "இதோ வருகிறாள், மோகினி!" என்று ஒரே போடாகப் போட்டேன்.

தமிழ்ப் பக்கம் விசில் பறந்தது. நமக்கு மோகினி என்றால் அழகி. கொலுசு, மல்லிகைப்பூ, வாலிபர்களை மயக்கும் கண். எங்கள் வாலிபர்களோ மயங்குவதற்கு எப்போதும் தயாராக இருப்பவர்கள். "வாடி தங்கம், ஒரு ஆட்டம் போடு!" என்று ஒருவன் கூப்பிட்டான்.

சிங்களப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவர்களுடைய மோகினி ஆடமாட்டாள். கையில் பிள்ளையோடு வழியில் நிற்பாள். 'இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பிடியுங்கள்' என்பாள். வாங்கினவன் கதை அதோடு சரி. இரண்டு மொழியிலும் பரீட்சை எழுதியவன் நான். இந்தக் கேள்வி மட்டும் எதிலும் வரவில்லை.

திரையில் அவள் நெருங்கி வந்தாள். உடுப்புக்குக் கீழே புகைதான் இருந்தது.

"கால் இல்லடா!" என்றது கலரி. விசில் நின்றது.

அவள் மெதுவாகக் கையை நீட்டினாள். கையில் துணி சுற்றிய ஒரு பிள்ளை. கீழே எழுத்து வந்தது. மாத்தளைப் பக்கமே வந்திராத ஜப்பான்காரனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்களோ. "இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க" என்று தமிழில் சொன்னேன். சிங்களத்துக்கு வாயைத் திறப்பதற்குள் பாதி தியேட்டர் தானாகவே முனகியது: "மே லமயாவ பொட்டக் அல்லகண்ட..."

விசிலடித்த வாலிபர்கள் காலைத் தூக்கிக் கதிரைமேல் வைத்துக்கொண்டார்கள். இனி மொழிபெயர்ப்பே தேவையில்லை. நான் படித்தவன் என்பதால் மைக்கின் பின்னால் நின்று இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தோளில் ஒரு கை பட்டது.

திரும்பினேன். வெள்ளைச் சேலை. அவிழ்ந்த கொண்டை. நீட்டிய கையில் பிள்ளை.

"மே லமயாவ பொட்டக் அல்லகண்ட, மல்லி" என்றாள்.

காலைப் பார்த்தேன். ஒரு கால்தான் தெரிந்தது.

அவள் பிக்குகளுக்குத் தானம் கொடுத்த ஏதோ வீட்டிலிருந்து அந்த வெள்ளைச் சேலையோடே நேராகப் படத்துக்கு வந்தவள் என்பதும், அழுகிற பிள்ளையோடு வெளியே போகிற அவசரத்தில் கதவருகே ஒரு செருப்பைத் தவறவிட்டு, வெறுங்காலைச் சேலைக்குள் தூக்கிக்கொண்டு நின்று, அதைத் தேடவே உதவி கேட்டாள் என்பதும், பேய் யாரையும் 'மல்லி', அதாவது தம்பி, என்று உறவு சொல்லிக் கூப்பிடாது என்பதும் பிறகு நிதானமாக யோசித்தபோது விளங்கியது. அந்த நேரம் நான் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கத்தினேன். கத்தல் என்றால், தியேட்டரின் நாலு ஸ்பீக்கரும் அதிர்ந்தன. சனம் மொத்தமாக எழும்பியது, அலறியது, பிறகு உட்கார்ந்து கைதட்டியது. அந்தப் பெண் மட்டும் "பிஸ்ஸு!" என்று எனக்குப் பைத்தியக்காரப் பட்டம் கொடுத்துவிட்டு, செருப்பைத் தானே தேடி எடுத்துக்கொண்டு போனாள்.

படம் முடிந்ததும் முதலாளி என்னைக் கட்டிப்பிடித்தார்.

"மாஷா அல்லாஹ், என்ன கத்து மகன் அது! ரோட்டுல போன ஆளெல்லாம் நிண்டு கேட்டிச்சு. ஒவ்வொரு ஷோவுக்கும் அதே இடத்துல கத்தணும். வேலை உங்களுக்குத்தான்."

அப்பாவிடம் மொழிபெயர்ப்பு வேலை என்று சொன்னேன். திங்கட்கிழமை பஸ் நான் இல்லாமல் போயிற்று. இரண்டு வாரம் படம் ஓடியது. நானும் ஒரு ஷோ விடாமல் கத்தினேன். கண்ணை மூடி அந்த ஒற்றைக் காலை நினைத்தால் போதும், சத்தம் தானாக வரும்.

மூன்றாவது வாரம் ஆங்கிலப் பேய்ப் படம் வந்தது. பேய் படியேறி வந்தது, சப்பாத்து டொக் டொக் என்று சத்தம் போட. கதவைத் தட்டியது. கலரியில் ஒருவன் கொட்டாவி விட்டான்.

"கத்துங்க மகன்" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தார் முதலாளி.

"வரல்ல முதலாளி."

"ஏன் வரல்ல?"

"சப்பாத்து போட்டிருக்கு."

"அதுக்கு? நான் போய் கழட்டச் சொல்லவா?"

முக்கி ஒரு கத்துக் கத்தினேன். "யாரோ மைக்குக்காரன் காலை மிதிச்சிட்டாங்கப்பா" என்றது கலரி. தியேட்டரே சிரித்தது. பாவம், பேயும் சிரித்திருக்கும். முதலாளி சிரிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நாலந்தாவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மாமா என் பெட்டியையும் என்னையும் மேலும் கீழும் பார்த்தார்.

"டவுன்ல இத்தனை நாளா என்னா வேலை பாத்த?"

"கத்தினேன், மாமா."

கடை வாசலைக் கைகாட்டினார்.

"அப்பச் சரி. வாசல்ல போய் நில்லு. பஸ் நின்னா, வெங்காயம் வந்திருக்குன்னு கத்து."